கதவடைப்பு யாருடைய கடனைத் தீர்த்தது? என்.எச்.எல். கணக்கைப் பற்றி ஒரு விவாதம்

கணக்குப்பிள்ளை:

2004 செப்டம்பர் 16 அன்று வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கின் உரிமையாளர்கள் தங்கள் வீரர்களை வெளியே நிறுத்தி அரங்கக் கதவுகளை அடைத்தார்கள். அவை மறுபடி திறக்க 310 நாள்கள் ஆயின. 1,230 ஆட்டங்கள் கொண்ட ஒரு முழுப் பருவம் அழிந்தது. 1919-இல் விஷக்காய்ச்சலால் முடிவில்லாமல் நின்றுபோன, லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பை, அதற்குப் பிறகு முதன்முறையாக 2005-இல் யாருக்கும் வழங்கப்படவில்லை. சம்பளச் செலவால் சிறிய ஊர்களின் அணிகள் மூழ்குகின்றன, ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லாவிட்டால் அவை பிழைக்க மாட்டா என்பதே உரிமையாளர்கள் சொன்ன காரணம். கேட்ட உச்சவரம்பு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனாலும் நான்கு ஆண்டுகள் முடிவதற்குள், 2009 மே மாதத்தில், ஃபீனிக்ஸ் அணி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. 2011-இல் அட்லாண்டா அணி விற்கப்பட்டு வின்னிபெக் போய்ச் சேர்ந்தது. 2012-இல் மறுபடியும் கதவடைப்பு வந்தது.

அணிகளைத் திவாலாக்கியது வீரர்களின் சம்பளம் என்ற வாதம் உண்மையைவிட வசதியையே அதிகம் சார்ந்தது என்பது என் கருத்து. 2003 ஜனவரியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு அணிகள் திவால் பாதுகாப்புக் கேட்டன. அவற்றுள் பஃபலோ அணியின் உரிமையாளர் ஜான் ரிகாஸ், தம் கேபிள் நிறுவனமான அடெல்ஃபியாவில் நடந்த மோசடிக்காக முந்தைய ஆண்டே கைதானவர். இன்னொன்றான ஒட்டாவா, நகரத்துக்கு வெளியே கனாட்டா வயல்வெளியில் அரங்கம் கட்டிய கடனைத் தொடக்கத்திலிருந்தே சுமந்துவந்தது. அரங்கத்துக்கு வரும் நெடுஞ்சாலைச் சந்திப்பைக்கூட அணியின் செலவில்தான் கட்ட வேண்டும் என்று ஒன்டாரியோ அரசு சொல்லிவிட்டது. மேம்பாலத்துக்கு வாங்கிய கடனுக்கு வீரர்களின் சம்பளத்தில் உச்சவரம்பு எப்படி மருந்தாகும் என்பதுதான் என் கேள்வி.

பழைய கோல்காவலர்:

நண்பர் கணக்குப்பிள்ளை தமக்கு ஏற்ற இரண்டு அணிகளை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டார். 1998-இல் பிட்ஸ்பர்க் அணி திவாலானபோது அதற்கு மிகப் பெரிய கடன்காரர்களில் ஒருவர் அதன் நட்சத்திர வீரர் மாரியோ லெமியூ. 1991-இலும் 1992-இலும் கோப்பை வென்ற அணி, அந்த வெற்றிக்கான சம்பளத்தைப் பின்னால் தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, அந்தப் பின்னால் வந்தபோது கையில் பணம் இல்லாமல் நின்றது. லெமியூவுக்கு வரவேண்டியிருந்தது மூன்று கோடி டாலருக்கும் மேல். அதில் பெரும்பகுதியைப் பங்காக மாற்றிக்கொண்டு 1999-இல் அவர் அணியையே வாங்கினார். சம்பளத்தால் ஓர் அணி திவாலாகாது என்று சொல்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

கனடாவின் அணிகளை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தெளிவு. அவை நுழைவுச்சீட்டைக் கனடிய டாலரில் விற்று, சம்பளத்தை அமெரிக்க டாலரில் கொடுத்தன. 2002 ஜனவரியில் ஒரு கனடிய டாலருக்கு 62 அமெரிக்க சென்ட்கூடக் கிடைக்கவில்லை. ஒரு கோடி அமெரிக்க டாலர் சம்பளம் கொடுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் கனடிய டாலர் திரட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே கியூபெக் அணி 1995-இல் டென்வருக்கும் வின்னிபெக் அணி 1996-இல் ஃபீனிக்ஸுக்கும் போய்விட்டன. கியூபெக் இழந்த அணி, போன முதல் ஆண்டிலேயே டென்வரில் கோப்பையை வென்றது என்பதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. 2005-இல் உச்சவரம்பும் வருவாய்ப் பகிர்வும் வந்திராவிட்டால் எட்மண்டனும் கால்கரியும் அதே வழியில் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன். உச்சவரம்பு வந்த முதல் பருவத்தின் இறுதிப் போட்டியில் ஆடியவை எட்மண்டனும் கரோலினாவும். பெரிய சந்தை என்று இரண்டையும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:

இறுதிப் போட்டி ஒரு சான்று என்றால் உச்சவரம்பு வருவதற்கு முந்தைய கடைசிப் பருவத்தில், 2004-இல், இறுதிப் போட்டியில் ஆடியவை கால்கரியும் டாம்பாவும். 2003 ஜனவரி முதல் நாள் வரவேண்டிய சம்பளம் வராமலேயே ஆடிய ஒட்டாவா வீரர்கள், அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தார்கள். ஆட்டத்தில் சிறிய ஊர்கள் தோற்றுக்கொண்டிருக்கவில்லை. தோற்றது வங்கியில்.

நாணய மாற்று விகிதத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கனடிய டாலர் 2007-இல் அமெரிக்க டாலருக்குச் சமமாக ஏறிவிட்டது. எட்மண்டனைக் காப்பாற்றியதில் உச்சவரம்புக்கு எவ்வளவு பங்கு, நாணயத்தையும் அந்த ஊரையும் தூக்கிய எண்ணெய் விலைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதையாவது நீங்கள் ஏற்க வேண்டும்.

வேங்கைமார்பன்:

இடையில் ஒரு சிறு ஐயம். தமிழ்ச் செய்திகளில் இதை வீரர்களின் வேலைநிறுத்தம் என்றே படித்த நினைவு. கதவடைப்பு என்கிறீர்கள். பணம் வேண்டும் என்று கேட்பவர்கள் வீரர்கள் என்றால் வேலையை நிறுத்தியவர்களும் அவர்கள்தானே?

தென்றல்:

இல்லை, வேங்கைமார்பன். 2004-இல் வீரர்கள் பழைய ஒப்பந்தத்திலேயே தொடர்ந்து ஆடத் தயாராக இருந்தார்கள். அந்த டிசம்பரில் எல்லா ஒப்பந்தங்களிலும் 24 விழுக்காட்டைக் குறைத்துக்கொள்ளவும் அவர்களே முன்வந்தார்கள். உரிமையாளர்களுக்கு வேண்டியிருந்தது ஒருமுறைக் குறைப்பு அன்று, நிரந்தரமான உச்சவரம்பு.

யார் எப்போது வேலையை நிறுத்துகிறார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு நாள்காட்டி இருக்கிறது. இந்த லீக்கில் வீரர்களுக்குச் சம்பளம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான வழக்கமான பருவத்துக்குத்தான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நடக்கும், கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களில் வாயில் வசூலின் பெரும்பகுதி உரிமையாளர்களுக்குப் போகும். வீரர்களுக்குக் கிடைப்பது ஒரு சிறிய பரிசுத் தொகைதான். எனவே வீரர்கள் சம்பளம் முழுவதையும் வாங்கிய பிறகு, பிளேஆஃப் தொடங்குமுன் நிறுத்தினால் அடி உரிமையாளர்களுக்கு. உரிமையாளர்கள் செப்டம்பரிலேயே அடைத்தால் அடி வீரர்களுக்கு. 1992 ஏப்ரல் முதல் நாள் வீரர்கள் அப்படித்தான் பிளேஆஃபுக்கு முன் வேலையை நிறுத்தினார்கள். பத்து நாளில் உரிமையாளர்கள் இறங்கிவந்தார்கள். வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளின் வருவாய் யாருக்கு என்ற வழக்கிலும் வீரர்களின் கை ஓங்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கேரி பெட்மன் லீக்கின் ஆணையராக வந்தார். அதற்குப் பிறகு நடந்த மூன்று நிறுத்தங்களும், 1994, 2004, 2012, இலையுதிர்காலத்தில் தொடங்கிய கதவடைப்புகளே. 1992-இன் பாடத்தை வீரர்களைவிட உரிமையாளர்கள் நன்றாகப் படித்தார்கள்.

பழைய கோல்காவலர்:

தென்றல் சொன்னது சரி. ஆனால் 2004-இல் வீரர்கள் சங்கத் தலைவர் பாப் குட்எனோ கணக்குப் போட்டதில் தவறவில்லையா? முன்னாள் பங்குச்சந்தை ஆணையத் தலைவர் ஆர்தர் லெவிட் லீக்கின் கணக்குகளைப் பார்த்து, 2002-03 பருவத்தில் 27.3 கோடி டாலர் இழப்பு என்றும், வருவாயில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போகிறது என்றும் அறிக்கை கொடுத்தார். சங்கம் அதை நம்ப மறுத்தது. உரிமையாளர்களோ ஆளுக்கு ஒரு கோடி டாலர் போட்டு 30 கோடி டாலர் நிதியைத் திரட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிராளியின் களஞ்சியம் நிரம்பியிருக்கும்போது முற்றுகைக்கு அவசரப்படுபவர் தோற்பார்.

தென்றல்:

நம்ப மறுத்ததற்குக் காரணம் இருந்தது, ஐயா. லெவிட்டை அமர்த்தியதும் அவருக்குக் கட்டணம் கொடுத்ததும் லீக். அதே பருவத்தின் இழப்பை ஃபோர்ப்ஸ் இதழ் அதில் பாதிக்கும் குறைவாக மதிப்பிட்டது. ஓர் ஆளே அணிக்கும் அரங்கத்துக்கும் அதை ஒளிபரப்பும் தொலைக்காட்சிக்கும் சொந்தக்காரராக இருந்தால், வாகன நிறுத்தக் கட்டணத்தையும் விளம்பரப் பலகை வாடகையையும் எந்தப் பெட்டியில் போடுவது என்பது அவர் விருப்பம். ஹாக்கி வருவாய் என்றால் எது என்பதைப் பல பக்கங்களுக்கு வரையறுத்து எழுதிய பிறகுதான் 2005 ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த வரையறை முன்பே இருந்திருந்தால் லெவிட் அறிக்கையைப் பற்றிய சண்டையே வந்திராது.

ஆனால் பாப் குட்எனோ கணக்கில் தவறினார் என்பதை நான் மறுக்கவில்லை. 2005 பிப்ரவரி 16 அன்று பெட்மன் பருவத்தை இரத்துசெய்தபோது, லீக்கின் கடைசி விலை அணிக்கு 4.25 கோடி டாலர் உச்சவரம்பு. சங்கத்தின் கடைசி விலை 4.9 கோடி. இடைவெளி 65 லட்சம். முப்பது அணிகளுக்குப் பெருக்கினால் 19.5 கோடி. அதற்காக ஆண்டுக்கு இருநூறு கோடி டாலர் புரளும் ஒரு தொழில் ஓராண்டு நின்றது. ஜூலையில் வீரர்கள் ஏற்றுக்கொண்ட உச்சவரம்பு 3.9 கோடி, அத்துடன் 24 விழுக்காடு வெட்டும் சேர்ந்தது. பிப்ரவரியில் மறுத்ததைவிடக் குறைவாக ஜூலையில் வாங்கினார்கள். அந்த மாதமே குட்எனோ பதவி விலகினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உச்சவரம்பு வருவாயோடு கட்டப்பட்டிருந்ததால் வருவாய் ஏற ஏற அதுவும் ஏறியது. 2006-07-இல் 4.4 கோடி, 2007-08-இல் 5.03 கோடி. அதாவது சங்கம் கேட்ட, உரிமையாளர்கள் பருவத்தையே கொன்று தர மறுத்த தொகையை, மூன்றாம் பருவத்திலேயே உரிமையாளர்கள் தாண்டிவிட்டார்கள். 2012-இல் அவர்கள் மறுபடி கதவை அடைத்தது இதனால்தான். வருவாயில் வீரர்களின் பங்கு 57 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைந்தது. பருவம் 48 ஆட்டங்களாகச் சுருங்கியது.

ஹாமில்டன்வாசி:

நான் ஒன்டாரியோவின் ஹாமில்டனில் இருபது ஆண்டுகளாக வாழ்கிறேன். இந்த ஊருக்கு இந்த விவாதத்தில் இரண்டு இடங்கள் உண்டு என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது 1925. அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களின் எண்ணிக்கையை 24-இலிருந்து 30 ஆக உயர்த்தியது. சம்பளம் உயரவில்லை. பட்டியலில் முதலிடம் பிடித்த ஹாமில்டன் டைகர்ஸ் வீரர்கள், கூடுதல் ஆட்டங்களுக்கு ஆளுக்கு 200 டாலர் கொடுத்தால்தான் பிளேஆஃப் ஆடுவோம் என்றார்கள். லீக் தலைவர் ஃபிராங்க் கால்டர் அவர்கள் அனைவரையும் இடைநீக்கம் செய்தார். அந்த வீரர்களின் ஒப்பந்தங்கள் 75,000 டாலருக்கு நியூயார்க்கின் புதிய அணிக்கு விற்கப்பட்டன. வாங்கியவர் மதுக் கடத்தலில் பணம் குவித்த பில் டுவயர். இந்த லீக்கில் ஹாமில்டனுக்கு அதற்குப் பிறகு அணி அமையவே இல்லை. ஆளுக்கு 200 டாலர் கேட்டதற்கு ஓர் ஊரே அணியை இழந்தது.

இரண்டாவது 2009. கணக்குப்பிள்ளை சொன்ன ஃபீனிக்ஸ் திவால் அது. கைபேசி முதலாளி ஜிம் பால்சில்லி 21.25 கோடி டாலர் தருவதாகவும் அணியை ஹாமில்டனுக்குக் கொண்டுவருவதாகவும் சொன்னார். உரிமையாளர் ஜெர்ரி மோயஸ் அதை ஏற்றுத்தான் திவால் மனுவே கொடுத்தார். லீக் எதிர்த்தது. நாங்கள் கோடைக்காலம் முழுவதும் அரிசோனா நீதிமன்றச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தோம். லீக்கின் இசைவின்றி அணியை இடம் மாற்ற முடியாது என்று நீதிபதி பால்சில்லியின் விலையைத் தள்ளுபடிசெய்தார். முடிவில் லீக்கே 14 கோடி டாலருக்கு அணியை வாங்கிக்கொண்டது. அதாவது கடன்காரர்களுக்கு ஏழு கோடி டாலர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தவர் வெளியே நிற்க, இழப்பில் ஓடும் அணியை மற்ற இருபத்தொன்பது உரிமையாளர்கள் தங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

தங்கள் தலையில் என்றா சொன்னேன்? அதுவும் முழுமை இல்லை. ஃபீனிக்ஸை ஒட்டிய கிளெண்டேல் நகராட்சி, தான் கடன் வாங்கிக் கட்டிய அரங்கம் காலியாகிவிடும் என்று பயந்து, இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் கொடுத்தது. நூலக ஊழியர்களுக்கும் காவலர்களுக்கும் சம்பளம் தர வேண்டிய ஒரு நகராட்சியின் பணம் அது. 2013-இல் புதிய உரிமையாளர்களோடு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி என்று பதினைந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. 2015-இல் நகர மன்றமே அதை உடைத்தது. 2021-இல் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அதன் பின்தான் அணி பக்கத்து ஊரான டெம்பியில் ஐயாயிரம் இருக்கைகள் கொண்ட பல்கலைக்கழக அரங்குக்குப் போனது. 2023 மே 16 அன்று அங்கே புதிய அரங்கத் திட்டத்தை மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 2024 ஏப்ரலில் அணி சால்ட் லேக் சிட்டிக்குப் போனது. ரயன் ஸ்மித் கொடுத்த விலை 120 கோடி டாலர்.

பதினைந்து ஆண்டுகள் ஆண்டுதோறும் இழப்பு என்று அழுத ஓர் அணியின் விலை, 14 கோடியிலிருந்து 120 கோடிக்கு ஏறிய கதை இது. இழப்புக் கணக்கை மட்டும் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கச் சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

வேங்கைமார்பன்:

நூலக ஊழியர்களைப் பற்றி நீங்கள் எழுதியது மனத்தைத் தொட்டது. இந்தச் சண்டைகளில் நுழைவுச்சீட்டுக் கிழிப்பவர்களும் அரங்கத்தில் உணவு விற்பவர்களும் எங்கே நிற்கிறார்கள்? கோடிக்கணக்கான டாலரைப் பற்றி இரு தரப்பும் பேசும்போது, ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்களுக்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லையா?

பழைய கோல்காவலர்:

இல்லை. அவர்கள் வீரர்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் அல்லர். 2004-இல் லீக் தன் அலுவலகத்திலேயே ஏராளமானோரை வேலையிலிருந்து நீக்கியது. 388 வீரர்கள் ஐரோப்பாவுக்குப் போய் ஆடிச் சம்பாதித்தார்கள். உணவு விற்பவர் எங்கே போவார்? அந்த ஆண்டு என் மைத்துனர் ஓர் அரங்கத்தில் வாகனக் காவல் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்காலம் முழுவதும் பொட்டலம் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலைக்குப் போனார். எந்தத் தரப்பு சரி என்று அவரிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டார், தேநீரை ஆற்றுவார்.

ஹாமில்டன்வாசிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 120 கோடி விலை ஏறியதற்கும் காரணம் உச்சவரம்புதான். அடுத்த ஆண்டுச் சம்பளச் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த தொழிலைத்தான் பணக்காரர்கள் அந்த விலைக்கு வாங்குவார்கள்.

தென்றல்:

அதை முழுமையாக ஏற்கிறேன்; என் வாதமும் அதுவே. உச்சவரம்பு அணிகளைக் காப்பாற்றும் கருவி அன்று, அணிகளின் விலையை ஏற்றும் கருவி. ஏறிய விலையில் வீரருக்குப் பங்கில்லை. ஆனால் வருவாய் இறங்கினால் அந்த இறக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. ஒவ்வொரு சம்பளக் காசோலையிலும் ஒரு பகுதி பிடிக்கப்பட்டு, எஸ்க்ரோ என்ற பொதுக் கணக்கில் வைக்கப்படும். பருவம் முடிந்து வருவாயைக் கூட்டிப் பார்க்கையில் வீரர்களின் மொத்தச் சம்பளம் தங்கள் பங்கைத் தாண்டியிருந்தால், தாண்டிய தொகை அந்தக் கணக்கிலிருந்து உரிமையாளர்களுக்குப் போகும். மிச்சம் இருந்தால் வீரருக்குத் திரும்பும். எனவே ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் யாருக்கும் உறுதியான சம்பளம் அன்று. கொரோனா காலத்தில் அரங்கங்கள் காலியாகக் கிடந்தபோது, வீரர்கள் உரிமையாளர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை நூறு கோடி டாலர் அளவுக்கு ஏறியது. அதனால் உச்சவரம்பு 8.15 கோடியிலேயே மூன்று பருவங்கள் அசையாமல் நின்றது. முதலாளியின் கெட்ட காலத்துக்குத் தொழிலாளி கடன்பட்ட விசித்திரம் இது.

கணக்குப்பிள்ளை:

இவ்வளவு நடந்தும் வீரர்கள் தங்கள் சங்கத்தை முழுமையாக நம்பி நின்ற காலம் குறைவு என்பதையும் சேர்க்க வேண்டும். 1957-இல் டெட் லிண்ட்சே சங்கம் தொடங்க முயன்றதற்காக டெட்ராய்ட் அணி அவரைச் சிகாகோவுக்குத் தள்ளியது. 1967-இல் நிலைத்த சங்கத்தை உருவாக்கிய ஆலன் ஈகிள்சன், சங்கத் தலைவராகவும் வீரர்களின் முகவராகவும் பன்னாட்டுப் போட்டிகளின் அமைப்பாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். 1998-இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். வேலி பயிரை மேய்ந்த கதை. உரிமையாளர்களின் கணக்கை மட்டுமல்லாமல், தங்கள் தலைவரின் கணக்கையும் சோதிக்க வேண்டிய நிலையில் ஒரு தலைமுறை வீரர்கள் இருந்தார்கள்.

பழைய கோல்காவலர் ஐயாவின் பிட்ஸ்பர்க் சான்றை நான் முதலில் சேர்க்காமல் விட்டது பிழைதான். அங்கே சம்பளமே சுமை. ஆனால் அந்தச் சம்பளத்தை எழுதிக்கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

வேங்கைமார்பன்:

பெண்கள் லீக்குகளில் நிலை என்ன என்று யாராவது சொல்ல முடியுமா? அங்கே சங்கம் உண்டா?

தென்றல்:

உண்டு, அங்கே வரிசை தலைகீழ். 2015-இல் சம்பளம் தருவதாகத் தொடங்கிய அமெரிக்க லீக், இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே சம்பளத்தை வெட்டியது. கனடாவின் லீக் 2019-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு முன்னணி வீராங்கனைகள், மிஞ்சியிருந்த அமெரிக்க லீக்கில் ஆட மறுத்துத் தனித்து நின்றார்கள். 2024 ஜனவரியில் பெண்களுக்கான புதிய லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். தொடங்கியபோது, முதல் ஆட்டம் தொடங்குமுன்பே, 2031 வரைக்குமான கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஆண்கள் ஐம்பதாண்டுகள் ஆடிய பிறகு கேட்டதைப் பெண்கள் ஆடுவதற்கு முன்பே கேட்டார்கள். இதற்குத் தனி இழை தொடங்கினால் விரிவாக எழுதுகிறேன்.

பழைய கோல்காவலர்:

2025 ஜூலையில் என்.எச்.எல். உரிமையாளர்களும் சங்கமும், பழைய ஒப்பந்தம் முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, 2030 வரைக்கும் புதிய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். பெட்மன் காலத்தில் கதவடைப்பின்றி, வழக்கமான சூழலில் முடிந்த பேச்சு இது. உச்சவரம்பு 2025-26-இல் 9.55 கோடி, 2026-27-இல் 10.4 கோடி, 2027-28-இல் 11.35 கோடி. பணம் பெருகும்போது சமாதானம் எளிது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் மறுக்கவில்லை. சுருங்கும் காலம் வந்தால் என்ன ஆகும் என்பதை அப்போது பேசுவோம்.

ஹாமில்டன்வாசி:

அதே ஒப்பந்தத்தில் 2026-27 முதல் பருவம் 82 ஆட்டங்களிலிருந்து 84 ஆகிறது, ஐயா. 1925-இல் எங்கள் ஊர்க்காரர்கள் ஆறு கூடுதல் ஆட்டங்களுக்குக் காசு கேட்டு அணியை இழந்தார்கள். இப்போது கூடும் இரண்டு ஆட்டங்களின் வசூலில் பாதி வீரர்களின் பங்கில் தானாகவே சேரும். பயிற்சி ஆட்டங்களையும் நான்காகக் குறைத்திருக்கிறார்கள். உச்சவரம்பைப் பற்றி நாம் எவ்வளவு சண்டையிட்டாலும், இந்த ஒன்றில் நான் உங்கள் பக்கம். அந்த 200 டாலரை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.